மூன்றாவது குணம்

போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றக் கூடாது, மேடம். உங்கள் ஜீப்புக்கு ஊற்றுகிறார்கள். ஸ்டேஷனுக்குள் வரும்போது பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்பு. இரண்டு வருடத்தில் உள்ளே சுண்ணாம்பு கட்டி, இன்ஜின் கொதித்து நடுவழியில் நின்றுவிடும். கூலன்ட் வாங்கி ஊற்றச் சொல்லுங்கள்.

என் பெயர் சென்னியப்பன். வயது அறுபத்திரண்டு. சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி என் கையாலேயே எழுதுகிறேன். யாரும் மிரட்டவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

கொல்லிமலை விபத்தைப் பற்றி வாகன ஆய்வாளர் கொடுத்த அறிக்கையை நேற்று படித்தேன். 'இன்ஜின் மாற்றியபோது செய்த தரமற்ற பிரேக் வேலையே காரணம்' என்று எழுதியிருக்கிறார். என் மேல் கவனக்குறைவு வழக்குப் போடப் போவதாகவும் சொன்னார்கள். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் கவனக்குறைவு என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஜெர்மன் வேன். உள்ளேயே படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்த வண்டி. எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதில் தரைவழியாகவே வந்து, சங்ககிரியில் இன்ஜின் படுத்துவிட, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பல வருடம் அரிசி ஆலைக் கொட்டகையில் கோழி அடையக் கிடந்தது. நானும் குழந்தைவேலும் அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது எங்களுக்கு இருபத்தெட்டு வயது. அவன் அப்போது லாரி டிரைவர். பிறகு நான்கு லாரிக்கு முதலாளி ஆனான். ஊருக்கு அவன் குழந்தைவேல், எனக்கு வேலு.

வண்டியை அவன் பெயரில் பதிவு செய்தோம். "பேரு எவம் பேருல இருந்தா என்னடா, வண்டி நம்ம ரெண்டு பேருதும்தான்" என்றான். நானும் அப்படியே நம்பினேன்.

ஒரு நாள் இந்த வேனில் லடாக் வரைக்கும் போக வேண்டும், நாங்கள் இரண்டு பேர் மட்டும். முப்பத்து நாலு வருடப் பேச்சு இது. எனக்குக் குடும்பம் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சோறு அவன் வீட்டில்தான். சாப்பிடும்போது வரைபடத்தை விரிப்போம். அவன் மனைவி மலர்விழி குழம்பு ஊற்றிக்கொண்டே சிரிக்கும். "நம்மளுக்கு ஏற்காட்டுக் குளுரே ஆகாதுங்ணா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் டிவில பாத்துக்கறேன்" என்று சொல்லும்.

அந்த வேனுக்குப் பின்னால் இன்ஜின். காற்றால் குளிரும் வகை. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. தட்டாரப்பூச்சி மாதிரி தடதடக்கும், ஆனால் சமவெளியில் சொன்ன பேச்சைக் கேட்கும். மலையில் ஏறினால் மூச்சு வாங்கும். லடாக்குக்கு அது ஆகாது. அதனால் போன வருடம் புது இன்ஜின் மாற்றுவது என்று முடிவெடுத்தோம். சேலத்தில் அடிபட்ட கார் ஒன்றிலிருந்து தண்ணீரால் குளிரும் இன்ஜினை எடுத்தேன்.

பதினான்கு மாதம் உழைத்தேன், மேடம். பழைய கியர்பாக்ஸும் புது இன்ஜினும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் வைக்க ஒரு தகட்டை நானே லேத்தில் கடைந்தேன். மூன்று முறை கடைந்து மூன்றையும் தூக்கிப் போட்டு, நான்காவதைத்தான் மாட்டினேன். ரேடியேட்டர் வைக்க எல்லோரும் வண்டியின் முகத்தை அறுப்பார்கள். எனக்கு மனம் வரவில்லை. தரைக்கு அடியில் படுக்க வைத்து, குழாயைப் பின்னால் வரை கொண்டுபோனேன். குழாயில் காற்று நின்றுவிட்டால் இன்ஜின் வெந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற மட்டும் இரண்டு நாள் ஆனது.

சக்தி இருமடங்கு ஆகிவிட்டதால் பிரேக்கையும் மாற்றினேன். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பழைய பிரேக் வெறும் கால் பலத்தில் வேலை செய்வது. இன்ஜின் ஓடினாலும் அணைந்தாலும் அதற்கு ஒன்றுதான். புது பிரேக்குக்கு ஒரு துணை உண்டு. இன்ஜின் ஓடும்வரை அந்தத் துணை உங்கள் காலோடு சேர்ந்து அழுத்தும். இன்ஜினை அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் அது மிச்சமிருக்கும். அதற்குமேல் பெடல் கல்லாகிவிடும். இது குறை அல்ல. உங்கள் ஜீப்பிலும் அப்படித்தான்.

வேலுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மலை இறங்கும்போது வேனின் இன்ஜினை அணைத்துவிடுவான். லாரி ஓட்டிய காலத்து மிச்சம் பிடிக்கும் புத்தி. "ஏறும்போது ஒழைச்சுதுல்ல, எறங்கும்போது தூங்கட்டும்டா" என்பான். முப்பது வருடமாக ஏற்காட்டிலிருந்து அப்படித்தான் இறங்கினான். பழைய பிரேக்கை அது ஒன்றும் செய்யவில்லை.

என் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வண்டியாக இருந்தாலும் சாவியைக் கொடுக்கும்போது அதன் மூன்று குணங்களைச் சொல்லித்தான் கொடுப்பேன். ஆளுக்கு ஆள் கோபம் வேறு, வண்டிக்கு வண்டி குணம் வேறு. சொல்லாமல் கொடுத்தால் பெண்ணை விசாரிக்காமல் கட்டிய மாதிரி. எதிரி வண்டிக்கும் சொல்லியிருக்கிறேன்.

இனி ஃப்ளெக்ஸ்.

வேலை முடிய நான்கு நாள் இருக்கும்போது லாரிப் பேட்டை முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கட்டியிருந்தார்கள். 'பனிமலைப் பயணம்' என்று கொட்டை எழுத்து. நடுவில் என் வேன். ஒரு பக்கம் வேலு கறுப்புக் கண்ணாடியோடு. இன்னொரு பக்கம் அவனுடைய சம்பந்தி சந்திரசேகர். மேட்டூரில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வேலுவின் மகள் சௌமியாவை அவர் மகனுக்குக் கொடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது. கீழே மாமன் மச்சான் எல்லோருடைய தலையும் வரிசையாக இருந்தது. என் தலை இல்லை. அடி ஓரத்தில், ஃப்ளெக்ஸ் அடித்த கடையின் போன் நம்பருக்கு மேலே, 'மெக்கானிக்: சென்னியப்பன்' என்று இருந்தது.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். வயிறு எரிந்தது, மேடம். அதை மறைக்க மாட்டேன். முப்பத்து நாலு வருடம் இரண்டு பேர் பார்த்த கனவில், ஒரு வருடச் சம்பந்தி வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் கூலியாள் ஆகிவிட்டேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் என் கழுத்தில் பார்த்தேன்.

அவனிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு வாங்க அது என்ன ரேஷன் அரிசியா? அவனாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நான்கு நாளும் அவன் பட்டறைக்கு வந்தான். ஃப்ளெக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே மூன்று படுக்கை போடச் சொன்னான். ஒன்று மட்டும் ஆறே கால் அடி நீளம் வேண்டும் என்றான். மூன்றுக்கும் தலையணை தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சாமான் வைக்க என்று நினைத்துக்கொண்டேன். அளவு கொடுத்தால் வெல்டு வைப்பதுதான் கூலியாள் வேலை.

சோதனை ஓட்டத்துக்கு அவன் ஏற்காடு போகலாம் என்றான். கொல்லிமலைக்குப் போ என்று நான்தான் சொன்னேன். ஏற்காட்டில் இருபது வளைவு. கொல்லிமலையில் எழுபது.

ஞாயிறு காலை பூசை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். சாவியைக் கொடுத்தேன். வேலு வழக்கப்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சொல்றா, என்ன கொணம்?"

"சூடா இருக்கையில ரேடியேட்டர் மூடியத் தொறக்காத. பின்னாடி கனம் ஜாஸ்தி, வளைவுல தூக்கும், மெதுவாத் திருப்பு."

"ரெண்டாச்சு. இன்னொண்ணு?"

"அவ்வளவுதான்" என்றேன்.

அவன் சிரித்தான். "ரெண்டே கொணமா? அப்ப தங்கமான வண்டிடா" என்றான். பிறகு, "டே, நீயும் ஏறுறா" என்றான். உபசாரத்துக்குக் கூப்பிடுவதற்கும் உள்ளன்போடு கூப்பிடுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். பட்டறையில் வேலை கிடக்கிறது என்றேன். சந்திரசேகர் முன்னால் ஏறினார்.

மலர்விழி வருவதாக இல்லை. கடைசி நேரத்தில் சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கேட்டது. "வண்டி நல்லாத்தானுங்ணா இருக்குது? மலைன்னா எனக்குப் பயமுங்க."

"பிரேக்கு புதுசும்மா. தொட்டா நிக்கும்" என்றேன். அது பொய்யில்லை. இன்ஜின் ஓடும்வரை தொட்டால் நிற்கும். எனக்குச் சேர வேண்டிய சாப்பாட்டை ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டியது. லெமன் சாதமும் உருளைக்கிழங்கும். மத்தியானம் சாப்பிட்டேன்.

இத்தனைக்கும் பார்த்தால் நான் செய்தது ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வக்கீலிடம் போனால் அதைத்தான் சொல்லச் சொல்வார். ஆனால் அரைகுறையாக ஒரு வேலையை முடித்துக் கொடுத்துப் பழக்கமில்லை. விட்டதையும் எழுதிவிடுகிறேன்.

பிற்பகல் மூன்று பத்துக்கு மலை மேலிருந்து வேலு போன் செய்தான். ஒரு நிமிடம் நாற்பது வினாடி பேசினோம். போன் கம்பெனியில் கேட்டால் கொடுப்பார்கள். வண்டி ஏறிய விதத்தைச் சொல்லச் சொல்ல அவனுக்கு மாளவில்லை. "எழுவது வளைவும் மூச்சே வாங்கலைடா. நீ மனுசனே இல்ல" என்றான். அப்புறம் கேட்டான்.

"எறங்கப் போறோம். பழைய மாதிரி அணைச்சு உட்டுக்கட்டுமா? புது இன்ஜினாச்சே, ஒண்ணும் ஆவாதுல்ல?"

பின்னால் மலர்விழி யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்தேன். கோபத்தில் வாய் தவறிச் சொன்னதாக நினைக்காதீர்கள். கையில் ஸ்பானர் இருந்தது, அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அணைச்சு உடுறா. இன்ஜினுக்கும் நல்லது."

"செரி, வாரேன். ராத்திரி சோத்துக்கு ஊட்டுக்கு வந்துரு" என்றான்.

மேலிருந்து மூன்றாம் வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வேலுவும் சந்திரசேகரும் அங்கேயே முடிந்துவிட்டார்கள். உங்கள் ஆட்கள் எடுத்த போட்டோவில் சாவியைப் பாருங்கள். அணைத்த நிலையில் இருக்கும். ஆய்வாளர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வேலையைத் தரமற்றது என்று எழுதியிருக்க மாட்டார்.

மலர்விழிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "அண்ணன் வேலையில கொறையே இருக்காதுன்னு போலீசுகிட்ட சொல்லிட்டேனுங்ணா" என்றது. அந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் என் தொழில் தெரிந்திருக்கிறது.

வேறு சிலதும் சொன்னது. அந்த ஃப்ளெக்ஸை அடித்தது சம்பந்தி வீட்டுப் பையனாம். வீடு முழுக்கத் தேடியும் என் போட்டோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். கல்யாண ஆல்பத்தில்கூட நான் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் கால்தான் இருந்ததாம். வேலு அந்தப் பையனைத் திட்டினானாம். "பெரிய படுக்கை உங்களுக்குத்தானுங்ணா போடச் சொன்னாரு. கட்டில்ல படுத்தா உங்களுக்குக் கால் வெளிய நிக்குமேன்னு. லடாக்குக்குக் கெளம்பற அன்னிக்குக் காட்டலாம்னு சொல்லாமயே வெச்சிருந்தாரு" என்றது.

துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலு ஐந்தரை அடி. சந்திரசேகர் அவனைவிட ஒரு விரல் குட்டை. ஆறே கால் அடி எதற்கு என்று இப்போதும் யோசித்துப் பார்த்தேன். சாமான் வைக்கத்தான் இருக்கும். சாமானுக்கு எதற்குத் தலையணை தைக்கக் கொடுத்தான் என்று மட்டும் தெரியவில்லை.

அதற்காக நான் இங்கே வரவில்லை, மேடம். முதலிலேயே எழுதிவிட்டேன்.

நான்தான் கொன்றேன். என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் அந்த அறிக்கையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். பிரேக் நன்றாக இருந்தது.