மூலையில ஒரு கபுரு

காலை எடுங்க ஆபீசர் பாக். நீங்க நிக்கிறது கபுரு மேல. ஆமா, கல்லு நடல, பேரு எழுதல. அதுக்காக வெறும் மண்ணுன்னு ஆயிடுமா? சுராபாயாவுல உங்க வாப்பா கபுரு மேலயும் இப்படித்தான் பூட்ஸோட ஏறி நிப்பீங்களோ?

தெரியும், தெரியும். எதுக்கு வருவீங்கன்னு போலீஸ்காரரு நேத்தே சொல்லிட்டாரு. டச்சுக்காரங்க எலும்பைத் தோண்டிப் பெட்டியில வச்சு அவங்க ஊருக்கு அனுப்பணும். சண்டைக் காலத்துல ஜப்பான் கடற்படை அடிச்சு மூழ்கடிச்ச டச்சுக் கப்பலு, உள்ளயே செத்த சிப்பாய்ங்க. இத்தன வருஷம் கடலுக்கடியில கெடந்தாங்களே, அப்ப ஒருத்தரையும் காணோம். கப்பலையே காணோம், அடியில பள்ளந்தான் இருக்குன்னதும் ஓடி வர்றீங்க.

நான் திருடல பாக். கப்பலை அறுத்துத் தின்னது துர்மூஜி முதலாளியோட கிரேன் படகு. அவரு வீட்டுக் கதவைத் தட்டினீங்களா? தட்டியிருப்பீங்க. காப்பி குடுத்திருப்பாரு, குடிச்சிட்டு நேரா இங்க வந்துட்டீங்க. இவதான் கேக்க ஆளில்லாதவன்னு நெனச்சு.

எலும்பு எப்படி எங்கைக்கு வந்துச்சா? கிரேனோட இரும்பு நகம் கடலுக்குள்ள போயி தகட்டைப் பிச்சுத் தூக்கும். கரையில கொட்டுவாங்க. நாங்க பொம்பளைங்க சிப்பி சுரண்டி, செம்பு வேற, இரும்பு வேறன்னு பிரிப்போம். அந்தத் தகட்டுக்கு நடுவுல கை எலும்பு, தொடை எலும்பு, பூட்ஸுக்குள்ள பாதம். மேஸ்திரி திரும்பக் கடல்லயே வீசச் சொன்னான். நான் சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தேன். பள்ளிவாசல் மோதினாரு வழி மறிச்சாரு. காபிர் மையத்துக்கு நம்ம கபுருஸ்தான்ல என்ன வேலைன்னாரு. அந்தக் கப்பல்ல அடுப்படியிலயும் இஞ்சின் கிட்டயும் வெந்து செத்தவன் ஜாவாக்காரன், அவன் எலும்பு எது, துரை எலும்பு எது, நீங்களே பிரிச்சுக் குடுங்கன்னேன். இந்த மூலையைக் காட்டினாரு.

எலும்பைச் சுத்தின துணியா? அது எங் கல்யாணச் சரோங்கு. யாரு சொன்னது, மோதினாரு பொண்டாட்டியா? அந்த வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யல. ஆமா, கபன் துணிக்குப் பதிலா அதைக் கிழிச்சுத்தான் சுத்தினேன். ஊரே சிரிச்சுது. புருசன் எவளையோ இழுத்துக்கிட்டு கலிமந்தானுக்கு ஓடிட்டான், இவ வெள்ளைக்காரன் எலும்புக்கு யாசீன் ஓதுறான்னு. எம் மக சம்ரோவைப் பள்ளிக்கூடத்துல ஓடிப்போனவன் பொண்ணுன்னுதான் கூப்பிடுறாங்க.

நல்ல வார்த்தை பேசாதீங்க பாக். அதட்டினாத் தாங்கிக்குவேன், நல்ல வார்த்தைன்னாத்தான் பயமா இருக்கு.

என்னது? ஒவ்வொரு எலும்பா சோதிச்சு, எந்தக் குடும்பம்னு கண்டுபிடிப்பாங்களா? அதெல்லாம் வேணாம். வேணாம்னா வேணாம். எந்த டச்சுக் குடும்பத்தோடயும் சேராத, சண்டைக் காலத்துதும் இல்லாத எலும்பு ஒண்ணு வரும். இது யாருன்னு கேப்பீங்க. அது துர்மூஜி காதுக்குப் போகும். அவரு நெலத்துலதான் எங் குடிசை இருக்கு, எம் மக தூங்குறா.

ஓடிட்டான்னு கதை கட்டினதே அவருதான். எம் புருசன் சகாவி எங்கயும் ஓடல. மூச்சுக்காத்து வர்ற கம்ப்ரசர் குழாயை வாயில கடிச்சுக்கிட்டு, தகட்டுக்குச் சங்கிலி மாட்ட எறங்கினாரு. தகடு சரிஞ்சு குழாய் அறுந்துடுச்சு. மேல நின்னவங்க குழாயை மட்டும் சுருட்டிக்கிட்டுக் கரைக்கு வந்துட்டாங்க. கூட எறங்கின பையன்தான் எங்கிட்ட ஒளிஞ்சு வந்து அழுதான். அப்புறம் பருவக்காத்து மாறிடுச்சு, படகு போகல. மழைக்காலம் முடிஞ்சு படகு போயி அந்தப் பக்கத்துத் தகட்டை எடுத்தப்போ, எலும்புதான் வந்துச்சு. துரையும் அவரும் ஒரே நெறம்.

எதுன்னு எனக்கே தெரியாது பாக். அதனால எல்லாத்தையும் சுத்தினேன், எல்லாத்துக்கும் ஓதுறேன். தோண்டணும்னா தோண்டுங்க, நான் ஒருத்தி என்ன செஞ்சிட முடியும். சோதிக்க மட்டும் வேணாம். பெட்டி மூடுறதுக்கு முந்தி ஒருத்தரை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க. யாரா இருந்தாலும் சரி.