ஆறு மாச ஜெர்மன்

ஜெர்மன்காரனுக்கு வேவு பாக்கறவரா? எங்க ஊட்டுக்காரரா? ஐயா, திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு ரயிலேத்தி வுட்டா மயிலத்துல எறங்கி முழிச்சிக்கினு நிக்கற மனுசங்க அவரு. அவரைப் போயி நேத்திலேர்ந்து லாக்கப்புல வச்சிருக்கீங்களே.

இருக்கட்டுங்க, நின்னுக்கினே சொல்றேன். பேரா? புருசன் பேர நான் எப்பிடிங்க சொல்றது? அதான் உங்க காயிதத்துலயே இருக்குதே.

ஆமா, ஜெர்மனிக்குப் போனது நெசந்தான். போன வருசம் சித்திரையில போனாரு, ஐப்பசியில வந்துட்டாரு. எங்க மாமனாரு மல்லாட்டை மண்டி வச்சிருக்காரு. நம்ம வேர்க்கடலை அந்த ஊருக்குக் கப்பல்ல போவுதாம். பாஷை தெரிஞ்சவன் ஊட்ல ஒருத்தன் இருந்தா நேரா பேசி விக்கலாம்னு அவருக்கு ஆசை. அங்க ஒரு காலேஜுல ஆறு மாசம் பாஷையும் பழக்கவழக்கமும் சொல்லித் தராங்கன்னு மகன அனுப்பிட்டாரு.

கத்துக்கினு வந்த லட்சணத்தக் கேளுங்க. காலையில மாட்டப் பாத்து குட்டன் மார்கன்னு அவங்க பாஷையில வணக்கம் சொல்லுவாரு. மாடு பாத்துக்கற மாரியப்பன் பயந்துபோயி, சின்ன எசமான பேய் ஓட்ட மேல்மலையனூருக்கு இட்டுக்கினு போலாம்மான்னு எங்கிட்ட வந்து அழுதான். மே மாச வெயில்ல கழுத்துல டை. சோறு ஒரு நிமிசம் லேட்டானா, அந்த ஊரு ரயிலு எப்பிடி வரும் தெரியுமான்னு ஒரே பேஜாரு. இவரு எழுந்திருக்கறது ஒம்போது மணிக்கு!

எனக்கும் பாடம் நடத்துனாரு. நான் மிஷன் பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. சந்தேகம் கேட்டேன், அவருக்கே தெரியல. பத்து நாள்ல பாடம் நின்னுது, புஸ்தகம் பரணுக்குப் போச்சு. அவரு மண்டிக்குப் போன பொறவு நான் எடுத்துப் படிச்சிக்கினு இருந்தேன். புரியாதத மிஷன் ஆஸ்பத்திரி ஜெர்மன்காரம்மா சொல்லிக் குடுத்தாங்க.

இந்த ஆனியில அவருக்கு அங்கேர்ந்து ஒரு கடுதாசி வந்துது. நடையிலயே பிரிச்சாரு, மூஞ்சி வெளுத்துப் போச்சு. இன்னாங்கன்னேன். வாத்தியாரு எழுதியிருக்காரு, இந்த வருசம் மல்லாட்டை எப்பிடின்னு கேக்கறாருன்னாரு. மடிச்சி ஜேபியில வச்சிக்கினாரு.

மறுநா சட்டையத் துவைக்க எடுத்தேன். படிச்சேன். வாத்தியாரு இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு அங்க வாடகைக்குத் தங்கியிருந்த ஊட்டுச் சொந்தக்காரம்மாவோட பொண்ணு எழுதினது. மாசியில ஆம்பளப் புள்ள பொறந்திருக்குதாம், அவரு ஜாடையாம்.

அன்னிக்கு ஒலை கொதிச்சி வத்திப் போச்சு, அரிசி போட மறந்துட்டேன். அவ்ளோதான்.

தோ, மேசை மேல இருக்குதே, ஜெர்மன்காரனோட சண்டை வந்ததும் இங்கேர்ந்து போற தபால்ல புடிச்ச கடுதாசி. அதுல ஏழு மாசம், ரெண்டுன்னு இருக்குது, கப்பல் கணக்கா, பட்டாளக் கணக்கான்னு அவர அடிச்சிக் கேட்டீங்களாம். அவரு எப்பிடிங்க சொல்லுவாரு? அவரு அத கண்ணால பாத்ததே இல்ல. ஏழு மாசம் ஆவுதே, ரெண்டு பல்லாவது முளைச்சிதான்னு கேட்டு, எங்க ஊட்டு விலாசம் போட்டு அந்த பாஷையில எழுதினது நானு.

எதுக்கா? அவரு பதில் போடுவாரு, போடுவாருன்னு ரெண்டு மாசம் பாத்தேங்க. போடல. புள்ளைய வச்சிக்கினு ஒருத்தி தபால்காரனப் பாத்துக்கினு இருப்பா இல்ல? இந்த ஊட்லேர்ந்து யாராச்சும் ஒருத்தர் எழுதணும் இல்லீங்களா?