கடைசி எண் மூன்றா, எட்டா

பெயர் ஜெயலட்சுமி, வயது 46, கணவர் பெயர் ராஜவேல். அரியலூர் மாவட்டம் செந்துறையில் கணவருடன் உரக்கடை நடத்தி வருகிறேன். முன்பு இதே போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன ஒன்றை இப்போது மாற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். குழப்பத்தோடுதான் வந்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சென்ற சித்திரையில் ஒரு லாரி எங்கள் கடைப் பெயர்ப் பலகையை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. பழைய கேமராவில் ரோடு முழுவதும் தெரிந்ததே தவிர, ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் வெளுத்துப் போயிருந்தது. அதன் பிறகு பெரம்பலூரிலிருந்து கேமரா மாட்டும் ரஞ்சித்குமாரை வரவழைத்தேன். அவர், "அக்கா, ஒரே கேமராவுல ரோடும் நம்பரும் கெடைக்காது. நம்பர் வேணும்னா லென்ஸை இழுத்து, கீழ எறக்கி மாட்டி, வெளிச்சத்தைக் கொறைக்கணும். வண்டி என்ன கலருன்னுகூடத் தெரியாது" என்றார். "கலரை வச்சு நான் என்ன பண்ணப்போறேன், நம்பர் போதும்" என்று நான்தான் சொன்னேன்.

அதன் பிறகு, ஆயுத பூஜைக்கு மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், டீ குடித்துவிட்டு ரோட்டைக் கடந்த என் கணவரை ஒரு சரக்கு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. நான் உள்ளே இருந்ததால் சத்தம்தான் கேட்டது, வண்டியைப் பார்க்கவில்லை. அன்று முதல் அவர் அரியலூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். கேமராவில் பார்த்துக் கடைசி எண் மூன்று என்று நான் சொன்னதை வைத்து, அரியமுத்து என்ற டிரைவரைப் பிடித்து அடைத்தார்கள். மாட்டினான் பாவி என்று எனக்கு வயிறு குளிர்ந்தது.

அதன் பிறகு அந்த டிரைவரின் மனைவி அம்மாக்கண்ணு கடைக்கு வந்தார். அடிக்காத குறையாக விரட்டியும் போகவில்லை. "எங்க மாமனாரு தவறிப்போயி வருசம் திரும்பலக்கா. எங்களுக்கு இந்த வருசம் பண்டிகையே கெடையாது. வண்டிக்குப் பொட்டே வைக்கல. படத்துல பொட்டு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். நம்பர் பிளேட்டின் மூலைகளில் சந்தனம் அப்பியதுபோல் திட்டுத் திட்டாக இருக்கிறது. கடைசி எண்ணின் இடது பக்கத்திலும் ஒரு திட்டு. ரஞ்சித்குமாரைக் கேட்டால், "மூணாவும் இருக்கலாம், சந்தனம் பாதி மறைச்ச எட்டாவும் இருக்கலாம்க்கா" என்கிறார். என்ன மனுசனோ! கண்ணை இடுக்கிப் பார்த்தால் மூன்று, தள்ளி நின்று பார்த்தால் எட்டு. அரியமுத்துவை விட்டுவிட்டால் என் கணவரை அடித்தவன் எவன் என்று நான் யாரைப் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. ஆனாலும் கடைசி எண் மூன்றுதான் என்று இனி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

நேற்று ஆஸ்பத்திரி வார்டு வாசலில் அம்மாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். "இங்க என்னடி வேலை உனக்கு?" என்று கத்தினேன். "அவரு கண்ணு முழிச்சுச் சொன்னாதான்க்கா எங்காளு வெளிய வர முடியும். நீங்க வூட்டுக்குப் போயி குளிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரா. ஜெயலட்சுமி