முதுகு டீச்சர் எடுத்த வகுப்பு

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, நிர்வாகக் குழுப் பெரியவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, பெற்றவர்களே! எழுதப் படிக்கத் தெரியாத இந்தப் பள்ளியில் மணி அடித்த பழைய மணிக்காரனின் வணக்கம். நம் நர்சம்மா போன சேதி வந்ததிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடக்கிறது. ஞாபகம் மட்டும் மரத்துப்போகவில்லை.

ஆற்றுப்பாலம் இடிந்து, நாம் எல்லோரும் படகில் போய்வந்த வருஷம் அது. பஞ்சாலை தீப்பிடித்ததும் அப்போதுதான். அந்த வருஷம் இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வயிற்றில் பிள்ளையோடு படிப்பை விட்டாள்.

நிர்வாகம் என்ன செய்தது? ஒரு டாக்டரைக் கூட்டிவந்து நோய்ப் படம் போட்டது. புண்ணும் சீழும்! ஒரு பையன் மயங்கியே விழுந்தான். மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்து ஒழுக்கம் பேச ஒருவர் வந்தார். கொட்டாவிதான் மிச்சம். மறுவருஷம் இன்னொரு பெண்ணின் இடம் காலியானது.

அப்புறம்தான் நம் பள்ளி நர்சம்மா வகுப்புக்குள் போனார். போனவர் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"யார் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரிய வேணாம். கேளுங்க."

ஒருவன் வாத்து மாதிரி கத்தினான்.

"வாத்துக்கு என்னப்பா சந்தேகம்?"

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெண் குரல் வந்தது. "ஒரு தடவைன்னா ஒண்ணும் ஆகாதுங்கறாங்களே, நெசமா?"

"பொய்ம்மா. ஒரு தடவையே போதும், கரு தங்கிடும்."

அவர் திரும்பவே இல்லை. ஆனால் பின்னால் நின்ற அன்றைய தலைமையாசிரியர் கேட்டது யாரென்று பார்த்துவிட்டார். சும்மா இருப்பாரா? அன்று மாலையே அவள் அப்பாவுக்கு ஆள் போனது. மறுநாளிலிருந்து பிள்ளை வரவில்லை.

நர்சம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அவள் அப்பாவின் வெல்டிங் கடைக்குப் போனார். அப்பா முகமூடியைக் கழற்றாமல் பற்றவைத்துக்கொண்டே இருந்தார். நர்சம்மாவும் நகரவில்லை. கடைசியில் முகமூடியைத் தூக்கினார்.

"எம் பொண்ணு கெட்டுப்போயிட்டான்னு தெருவே சிரிக்குது!"

"கெட்டுப்போகக் கூடாதுன்னு நினைக்கிறவதான் அண்ணே வாய்விட்டுக் கேப்பா. தப்பு நடந்தது எங்க பக்கம். இனிமே எந்தப் பெரியவங்களையும் உள்ளே விட மாட்டேன்."

பிள்ளை திரும்பி வந்தாள். அன்றிலிருந்து வகுப்புக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு நான் காவல் இருந்தேன். எத்தனை அதிகாரிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! பிள்ளைகள் அவருக்கு முதுகு டீச்சர் என்றே பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று புளுக மாட்டேன். ஒன்றிரண்டு நடந்தது. ஆனால் பிள்ளைகள் ஒளியவில்லை, நேரத்தோடு அவரிடம் வந்து சொன்னார்கள். படிப்பை யாரும் விடவில்லை.

இனி இந்த வகுப்பு வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை படம் போட்டால் போதும் என்று நிர்வாகத்தில் பேச்சாம். ஐயா, அந்தப் படத்தைத்தான் பார்த்தோமே! வேண்டாம் ஐயா!

யார் வகுப்பு எடுப்பது என்பீர்கள். காலையில் ஒருத்தி என்னிடம் வந்தாள். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறாள்.

"என் கதையைத் தாராளமா சொல்லுங்க மாமா. திங்கக்கிழமை வகுப்புக்கு நான் வரேன். நீங்க கதவைப் பாத்துக்கங்க."

இந்த உடம்பில் தெம்பு உள்ளவரை பார்த்துக்கொள்கிறேன். இந்தச் சபையும் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் போட்ட டாக்டர் போய்விட்டார். அந்தத் தலைமையாசிரியர் போய்விட்டார். வெல்டிங் கடைக்காரரும் போய்விட்டார். இப்போது நம் நர்சம்மாவும் போய்விட்டார். என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நான் இன்றைக்கோ நாளைக்கோ. மிச்சம் இருப்பது காலையில் வந்தாளே, அந்தக் கேள்வி கேட்டவள் ஒருத்திதான், வெல்டிங் கடைக்காரர் மகள்.