எதிர்க்கடையில் மட்டும் பூத்த காஸ்மாஸ்

...ஒரே பாக்கெட்டுங்க. நான் கேக்கறது அதான். ஒரே பாக்கெட்டு, ஒரே விதை, ஒரே நாள்ல போட்டது. அவ தொட்டியில கொத்துக் கொத்தா பூக்குது, என் தொட்டியில ஒரு மொட்டு கூட எட்டிப் பாக்கல. இது என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்க. வேணாம் வேணாம், சொல்லாதீங்க. முகத்துல பூசியிருக்கற பேக்கு காயற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா வெடிச்சு வரி வரியா போயிடும். சிரிக்கவும் கூடாது. சிரிக்கற மாதிரி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, பயப்படாதீங்க.

மொத தடவையா வர்றீங்க இல்ல? அதான். வழக்கமா வர்றவங்களுக்கு இந்தக் கதை தெரியும். தெரிஞ்சதுனாலயோ என்னவோ, இப்பல்லாம் வர்றதக் கொறைச்சுட்டாங்க.

கழுத்தத் திருப்பாதீங்க, எதிர்ல கண்ணாடியிலயே பாருங்க. நம்ம ஜன்னல் தெரியுதா? அதத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கடை. அங்க வாசல்ல ரோஸும் வெள்ளையுமா தலைய ஆட்டிக்கிட்டு நிக்குதே, அதான் காஸ்மாஸ். கடை யாருதுன்னு நெனைக்கறீங்க? என் நாத்தனாரோடது. என் வீட்டுக்காரரோட கூடப் பொறந்த அக்கா. அண்ணி அண்ணின்னு நான் உசுர விட்டுக்கிட்டு இருந்தவ. கல்யாணப் பொண்ணுங்க யார் வந்தாலும் சட்டை அவ தைப்பா, முகம் நான் பாப்பேன். அளவு எடுத்து முடிச்சதும் அவளே கையப் புடிச்சு ரோட்டத் தாண்டிக் கூட்டிட்டு வந்து இந்த நாற்காலியில உக்கார வெச்சுட்டுப் போவா. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலிதான்.

விதை வாங்கினதும் ரெண்டு பேரும் சேர்ந்துதான். பாக்கெட்டு மேல படம் போட்டிருந்தான் பாருங்க, அடடா. அவ துணி வெட்டற டேபிள் மேல பேப்பர விரிச்சுக் கொட்டி ஆளுக்குப் பாதியாப் பிரிச்சோம். விதையா அது? நகம் வெட்டறப்போ ஓரத்துல சிலும்பு விழும் பாருங்க, கருப்பா வளைஞ்சு, அப்படி இருந்துது. இதுலேர்ந்து செடி வருமான்னு நான் கேட்டேன். "எல்லாம் கைராசிதான்"னா அவ. அப்பவே சொன்னா பாருங்க அந்த வார்த்தைய. அப்ப எனக்கு உறைக்கல.

வந்துதுங்க. வரலேன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஜன்னலுக்கு வெளிய வரிசையாத் தொட்டி வெச்சு, லேசா மண்ணத் தூவி தண்ணி தெளிச்சு வெச்சேன், ஒரே வாரத்துல பச்சையா முட்டிக்கிட்டு வந்துது. இலை எப்படி இருக்குங்கறீங்க? புருவத்து முடி மாதிரி, அவ்வளவு மெல்லிசு. எனக்கோ சந்தோஷம் தாங்கல. வாழைப்பழத் தோலு, முட்டை ஓடு, டீத்தூளு, கடையில விக்கற உரம்னு எல்லாத்தையும் போட்டேன். அண்ணி பாத்துட்டு, "எதுக்கு இப்படி ஊட்டற? காஞ்ச மண்ணுல வளர்ற செடி அது, கொழுப்பு ஏறினா இலையாத்தான் விடும்"னா. சரின்னு நிறுத்திட்டேன். நான் சொன்னாக் கேக்கற ஆளுதாங்க. எல்லாரும் என்னமோ நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்னு சொல்றாங்க... என்ன, கைய நீட்டறீங்க? ஃபேனா? கொஞ்சம் கொறைக்கறேன். வேகமா காஞ்சாலும் இழுக்கும். இப்ப சரியா?

எங்க விட்டேன்? ஆங், நிறுத்திட்டேன். நிறுத்தியும் என்ன? செடி என் இடுப்பு உயரம் வந்துது, குச்சி வெச்சுக் கட்டினேன், பூவு மட்டும் இல்ல. அந்தப் பக்கம் அவளோடது பூத்துக் கொட்டுது. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு போட்டோ எடுக்கறாங்க. என் வாசல்ல நின்னு, என் செடிக்கு முதுகக் காட்டிக்கிட்டு, அவ செடிய எடுக்கறாங்க. வயிறு எரியுமா எரியாதா?

அன்னிக்கி ஒரு நாள் கடை நெறைய ஆளு. அண்ணி ஒரு பூவப் பறிச்சிட்டு வந்து, "இந்தா, உனக்கு எப்பப் பூக்குமோ, அது வரைக்கும் இத வெச்சுக்க. என்ன பண்றது, கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல"னு சிரிக்கறா. விளையாட்டுக்குத்தான் சொன்னா. எனக்கும் தெரியும் விளையாட்டுக்குன்னு. ஆனா ஒருத்தர் முகத்துல கைய வெச்சுப் பொழைக்கறவளப் பாத்து, நாலு பேர் முன்னாடி, கைராசி இல்லேன்னு சொல்லலாமா? அன்னிக்கி ஃபேஷியலுக்கு உக்காந்திருந்த பொம்பள, "நான் அப்புறமா வர்றேன்"னு எந்திரிச்சுப் போயிட்டா தெரியுமா? பாதி ஆவி புடிச்சுக்கிட்டு இருந்தா. அந்தச் சிவந்த முகத்தோடவே போனா.

எனக்கு வந்துது பாருங்க ஒரு கோபம். ரோட்டுல எறங்கி நின்னு சொன்னேன். "என் செடியில பூ பூத்தாத்தான் இனிமே உன் வாசப்படிய மிதிப்பேன்." அத்தன பேரும் கேட்டாங்க. சொல்லிட்டு உள்ள வந்தப்புறம்தான் ஞாபகம் வருது, அவ பொண்ணு கல்யாணம் வருதேன்னு.

நாளைக்குங்க. நாளைக்குக் காலையில.

அந்தப் பொண்ணு இருக்கே, அது பொறந்தப்போ மொதல்ல குளிப்பாட்டினது இந்தக் கை. பள்ளிக்கூடத்து ஆட்டத்துக்கு எல்லாம் நான்தான் மை தீட்டி அனுப்புவேன். "என் கல்யாணத்துக்கு நீங்கதான் அத்தை பண்ணணும், வேற யாரையும் தொட விட மாட்டேன்"னு மூக்கு ஒழுகற வயசுலேர்ந்து சொல்லிக்கிட்டே வரும். நேத்து சாயங்காலம் கூட வந்து வாசல்ல நிக்குது. "அத்தை, வருவீங்களா மாட்டீங்களா?"ங்குது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "செடியக் கேளு"ன்னேன். செடியக் கேளுன்னு சொல்லிட்டேன் அந்தக் கொழந்தகிட்ட. அது அப்படியே திரும்பிப் போயிடுச்சு.

யாரோ வெளியூர்லேர்ந்து ஒருத்தி வர்றாளாம் மேக்கப்புக்கு. பெரிய பெட்டியெல்லாம் வெச்சிருக்காளாம். அந்தப் பொண்ணுக்கு எடது புருவத்துல சின்ன தழும்பு இருக்கு, அத எப்படி மறைக்கணும்னு அவளுக்குத் தெரியுமா? வெள்ளையடிச்ச மாதிரி பூசி விட்டுட்டுப் போவா.

எரியுதா? எதுக்கு மறுபடியும் கையக் காட்டறீங்க? அந்தப் பக்கமா? அந்த ஜன்னல மூடணுமா? அத மூட முடியாதுங்க, கொக்கி உடைஞ்சிருக்கு. லேசா எரிஞ்சா நல்லதுதான், அழுக்க இழுக்குதுன்னு அர்த்தம்.

இதுல இன்னொரு கூத்து கேளுங்க. அவ்வளவு சண்டை போட்டும் மனசு ஆறல அவளுக்கு. என் வீட்டுக்காரர்கிட்ட சேதி சொல்லி விடறா. அவரு பஸ்ஸு கண்டக்டர். "ஏறு, எறங்கு, உள்ள போ", இதுக்கு மேல நாலாவது வார்த்தை பேசினா வாய் வலிக்கும். பொண்டாட்டிக்கும் அக்காவுக்கும் நடுவுல மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி வாங்கறாரு, பாவம்தான். அன்னிக்கி சாப்ட உக்காந்துக்கிட்டே சொல்றாரு, "லைட்டு எரிஞ்சா தூக்கம் கெடுதாம். ராத்திரி அணைச்சு வைக்கச் சொன்னா."

எந்த லைட்டு? என் போர்டு லைட்டு. வர்றப்போ பாத்திருப்பீங்களே, ஜன்னலுக்கு மேல, "அழகு நிலையம்"னு எழுத்து எழுத்தா எரியும். அவ கடை போர்டு பெயிண்ட்டுல எழுதினது, அதுவும் தையல்ல "தை" பாதி உதிர்ந்து போயிருக்கு. என் போர்ட போட்ட நாள்லேர்ந்தே அவளுக்கு ஒரு இதுதான்னு எனக்குத் தோணும். இந்தத் தெருவுல விளக்குக் கம்பம் இருக்கே தவிர விளக்கு எரியறதில்ல, ஏதோ என் போர்டு வெளிச்சத்துலதான் நாலு பேரு நடந்து போறாங்க. அத அணைக்கணுமாம். மகாராணிக்குத் தூக்கம் கெடுதாம்.

விடுவேனா? "தூக்கம் வரலேன்னா கண்ணக் கட்டிக்கிட்டுப் படுக்கச் சொல்லுங்க உங்க அக்காவ"ன்னேன். அவரு, "இல்லடி, அது வந்து..."ன்னாரு. "என்ன இல்லடி? எப்பப் பாத்தாலும் அக்காவுக்குத்தான் வக்காலத்தா?"ன்னேன். "சொல்ல வந்தது என்னன்னா..."ன்னாரு. "ஒண்ணும் சொல்ல வேணாம், சாப்பிடுங்க"ன்னேன். சாப்ட்டுட்டுப் போயிட்டாரு. நான் நேரா வந்து ஸ்விட்ச்சு மேல டேப்ப ஒட்டினேன். யாரும் கை தவறிக் கூட அணைச்சிடக் கூடாது. அன்னியிலேர்ந்து பொழுது விடியற வரைக்கும் எரியுது. தூங்கட்டும் பாப்போம்.

அதுக்கும் யாரோ கண்ணு போட்டாங்க. கடைசி ரெண்டு எழுத்து புஸ்ஸுன்னு போயிடுச்சு. "யம்" எரியறதில்ல. "அழகு நிலை"ன்னு நிக்குது. என் அழகு நிலை என்னன்னு ஊரே படிச்சிட்டுப் போகுது. எலெக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணினா "இதோ வந்துட்டேன் அக்கா"ங்கறான். எங்க வந்தான்? மாசம் ஒண்ணு ஓடிப் போச்சு, இன்னும் வந்துக்கிட்டே இருக்கான்.

ஆமா, உங்களுக்குக் கண்ணுக்குக் கீழ இவ்வளவு கருவளையம் ஏன்? பேசாதீங்க, நானே சொல்றேன். ராத்திரி லைட்டப் போட்டுக்கிட்டே தூங்கறீங்க, இல்ல போனப் பாத்துக்கிட்டே தூங்கறீங்க. நல்லா இருட்டா வெச்சுத் தூங்கினாத்தாங்க முகம் மலரும். வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா ஒடம்பு இன்னும் பகல்தான்னு நெனச்சுக்கும். இத நான் வர்றவங்க எல்லார்கிட்டயும்... என்னங்க, சும்மா சும்மா கையக் காட்டிக்கிட்டு? தண்ணியா? இல்லையா? ஜன்னலா? ஜன்னல்ல என்ன? பூனையா?

இருங்க, பாக்கறேன்.

இந்த ஓரத்துலயா? தூணுக்கு அந்தப் பக்கமா? அங்க ரெண்டு தொட்டிதான் இருக்கு, இடம் இல்லாம ஒதுக்கி வெச்சது, நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தே எவ்வளவு நாளாச்சு... தண்ணி கூட இங்கேர்ந்தே வீசி ஊத்தறதுதான்...

அட! மொட்டுங்க.

ஒண்ணு இல்ல, இங்க ஒண்ணு, இதோ இங்க, இந்தக் கெளையில வரிசையா... ஒண்ணு லேசா வெடிச்சு உள்ள ரோஸு தெரியுது. கண்ணாடியிலயேவா பாத்தீங்க? நல்ல கண்ணுங்க உங்களுக்கு. இவ்வளவு நேரம் சொல்லக் கூடாதா? சரி, நான்தான் பேச வேணாம்னேன்.

ஆனா இந்த ரெண்டு தொட்டியில மட்டும் எப்படி? அதே மண்ணு, அதே தண்ணி. பக்கத்துத் தொட்டியில பாருங்க, மொழுக்குன்னு நிக்குது. அதுக்குப் பக்கத்துலயும் இல்ல. இந்த ரெண்டுக்கு மட்டும் என்ன...

மேல "யம்".

மேல "யம்" எரியறதில்ல. இந்த ரெண்டுக்கு மட்டும்தான் ராத்திரி இருட்டு.

தூக்கம் கெடுதாம்னாரே. யாருக்குன்னு சொன்னாரா? அக்காவுக்குன்னு சொன்னாரா? இல்லைங்க. "லைட்டு எரிஞ்சா தூக்கம் கெடுதாம்." அவ்வளவுதான் சொன்னாரு. அந்த மனுஷன் எதுக்காவது ஆளு யாருன்னு சொல்லியிருக்காரா இத்தன வருஷத்துல? "வந்தாச்சு", "போயாச்சு", "சாப்ட்டாச்சு". வந்தது யாரு, போனது யாருன்னு நாமதான் கண்டுபுடிச்சுக்கணும். செடிக்குங்க. செடிக்குத் தூக்கம் கெடுதுன்னு சொல்லி விட்டிருக்கா அண்ணி. நாலு பேர் முன்னாடி நான் அப்படிக் கத்தினதுக்கு அப்புறமும், இவ செடி பூக்கட்டும், இவ வரட்டும்னு வழி சொல்லி அனுப்பிச்சிருக்கா. நான் டேப்ப ஒட்டி வெச்சிருக்கேன்.

அழலைங்க. கண்ணுல தூசி. இந்த மண்ணத் தொட்ட கையால தேய்ச்சுட்டேன், அதான்.

எனக்கு வெக்கமா இருக்குங்க. நெஜமாவே வெக்கமா இருக்கு. அந்தக் கொழந்தய வேற செடியக் கேளுன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

ஏங்க, மொட்டு விட்டா பூத்த மாதிரிதானே? நான் சொன்னது "பூ பூத்தா"ன்னு. மொட்டும் பூவோட சேர்த்திதானே? இதுல பாதி தெறந்திருக்கு வேற, ரோஸு நல்லாவே தெரியுது. சத்தியம் பண்ணினவ நான், அதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவளும் நான்தான். பூத்துடுச்சுன்னு நான் சொல்றேன். தலைய ஆட்டாதீங்க, வெடிக்கும். கண்ண மூடித் தெறங்க, ஆமான்னு எடுத்துக்கறேன்.

ஆமா. சரி.

என் பெட்டி எங்க? அந்தப் புருவத்துக்கு உண்டான பென்சில்... இங்கதான் வெச்சேன்... இருக்கு. வெளியூர்க்காரி வந்தா பெட்டியோட வந்த பஸ்லயே அனுப்பிச்சிட வேண்டியதுதான். என் வீட்டுக்காரரே "ஏறு"ன்னு ஏத்தி விடுவாரு, அது ஒண்ணுதான் அவருக்கு ஒழுங்கா சொல்லத் தெரியும்.

நீங்க அசையாதீங்க. காஞ்சதும், அந்தக் கிண்ணத்துல தண்ணி இருக்கு, பக்கத்துல பஞ்சு இருக்கு, நல்லா ஊற வெச்சு மெதுவா நீங்களே தொடச்சுக்கங்க. காசு வேணாம், மொட்டப் பாத்துக் கையக் காட்டினீங்களே, அது போதும். போறப்போ கதவச் சாத்திட்டு, அப்படியே அந்த டேப்பப் பிச்சு ஸ்விட்ச்ச அணைச்சிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும். எலெக்ட்ரீஷியன் வந்தா, "நீ வராததுக்கு அக்கா ரொம்ப நன்றி சொன்னாங்க"ன்னு சொல்லுங்க.

நான் போய் அண்ணி கையப் புடிச்சுக்கறேன். இன்னிக்கி அவ என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், குறுக்க ஒரு வார்த்தை பேசாமக் கேக்கறேன். மொதல்ல நான் சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் அவ பேசட்டும்.