பங்களாவுக்குப் போன களி

— நெசமா பொய்யா, அத மட்டும் சொல்லுங்க.

— மொதல்ல கூடைய எறக்கு வடிவு. தெப்பமா நனைஞ்சி வந்திருக்க.

— கூடை எறங்கும். நீங்க சொல்லுங்க. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற எடத்துல அத்தன பொம்பளைங்களும் என்னைய மொறச்சிப் பாக்குறாங்க. ராசம்மா வாய்விட்டே கேட்டுட்டா. “ஒன் வீட்டுக்காரரு பங்களாவுக்குச் சோறு சொமந்ததுக்கு எங்க வாயில மண்ணா?”ன்னு. என்ன ஏதுன்னே தெரியாம மரம் மாதிரி நிக்கிறேன் நான்.

— பொறு புள்ள. சொல்றேன். அடுப்ப மூட்டி வச்சிருக்கேன். வந்து குந்து.

— அடுப்ப நீங்க மூட்டினீங்களா? பதினோரு வருசமா இந்த நேரத்துக்குப் பங்களாக் குசினியில சமைச்சிக்கிட்டு நிக்கிற ஆளு! ஏன், தொர கிளப்புக்குப் போயிட்டாரா?

— இன்னிக்கு எனக்கு அங்க வேலை இல்ல.

— ம். சரி, சொல்லுங்க.

— காலையில தொரைக்குப் பாலு கொண்டுபோயி ஆபீசுல நிக்கிறேன், சங்கத் தலைவர் கந்தப்பன் நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. அரிசி விசயமா.

— அது தெரியும். தோட்டத்துல குடுத்த அந்தப் புழுத்த அரிசியில ஒரு சுண்டு நான்தானே முடிஞ்சி குடுத்துவிட்டேன். தொர கண்ணால பாக்கட்டும்னு.

— அத மேசையில கொட்டிக் காமிச்சாரு. புழு நெளியுது. தொர குனிஞ்சிகூடப் பாக்கல. “ஒங்களுக்கு அரிசி எதுக்கு?”ன்னாரு.

— என்னது?

— “ஒரு மாசமா நான் அரிசி தொடல, பாண் ரொட்டி தொடல, மாட்டிறைச்சி தொடல. என் குசினிக்காரன் வீட்டுலேருந்து வர்ற சாப்பாடுதான். குரக்கன் மாவுக் களி, கீரை, கொள்ளு. வயித்துப் புண்ணு ஆறிப்போச்சி. கை நடுக்கம் நின்னுபோச்சி. மனசு அமைதியா இருக்கு. இப்படி ஒரு சாப்பாட்ட வீட்டுல வச்சிக்கிட்டு அரிசி சரியில்லன்னு ஏன் வர்றீங்க? அரிசியப் பாதியாக் கொறச்சிட்டா ஒங்க ஒடம்புக்கும் நல்லது”ன்னாரு. அத்தனையும் இங்கிலீசுல. கிளாக்கர் வரி வரியாத் தமிழ்ல சொன்னாரு.

— பாதியா? நல்ல அரிசி கேட்டதுக்குப் பாதி அரிசியா?

— கத்தாத புள்ள. அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்! இந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற ஏழு உசுருக்கும்தானே பாதி அரிசி! ஓட்டுப் போடுற உரிமையப் புடுங்கினாங்க, வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம். இப்ப ஒலையிலயும் கைய வைக்கிறாங்க. அதுவும் என் களியத் தின்னுட்டு! கொள்ளு எங்க?

— இந்தா. காலையிலயே ஊறப் போட்டேன்.

— குண்டான் நெறையவா? யாரு திங்கிறது இத்தனைய? பங்களாவுல அளந்து பழகின ஆளு பாருங்க. சரி, அந்தச் சட்டிய இங்கிட்டுத் தள்ளுங்க. ரசத்துக்குச் சீரகத்த எடுங்க. ஏங்க, இத யாரு ஆரம்பிச்சா? கேக்குறேன்ல.

— நான்தான்.

— வந்து கெஞ்சினீங்க. “தொர எதத் தின்னாலும் கக்குறாரு, கொழும்பு டாக்டர் குடுத்த மருந்தும் நிக்கல, ஒன் களியில ரெண்டு உருண்டை குடு”ன்னீங்க. நானும் குடுத்தேன். தொரைன்னு குடுக்கல. வயித்து வலின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு குடுத்தேன்.

— தெரியும் புள்ள.

— எப்படித் தின்னாரு? அதையும் சொல்லுங்க, கேப்போம்.

— களிக்கு நடுவுல குழி பண்ணி ஒரு கரண்டி வெண்ணெய் வைக்கச் சொல்லுவாரு.

— ஓகோ.

— ரசத்துக்கப்பறம் கோழி சூப்பு. பத்து மணிக்கு முட்டை அடிச்ச பாலு. சாப்பிட்டு, வராந்தாவுல சாய்வு நாற்காலியில கம்பளியப் போத்திக்கிட்டு ஒரு மணி நேரம் மலையப் பாத்துக்கிட்டு இருப்பாரு.

— நான் கொழுந்து எடுக்குற மலைய!

— ஆமா.

— அந்த வெண்ணெயையும் கோழியையும் ஆபீசுல சொன்னாரா?

— இல்ல.

— கம்பளிய?

— அதையும் சொல்லல.

— என்னையும் ஒரு மாசம் அட்டை கடிக்காத எடத்துல கால நீட்டி ஒக்கார வச்சா, வெறும் சுடுதண்ணியக் குடிச்சிட்டே நானும் சொல்லுவேன் மனசு அமைதியா இருக்குன்னு. தண்ணி கொதிக்குது. மாவத் தூவுங்க. ஐயோ, அப்படிக் கொட்டாதீங்க! கட்டி விழும். கைய ஆட்டி ஆட்டி விடுங்க.

— இப்படியா?

— தொரைசாணிக்குப் புட்டிங்கு கிண்டுற கை, களிக்கு வளைய மாட்டேங்குது. துடுப்பக் குடுங்க இங்க.

— நான் கிண்டறேன். நீ கீரையப் பாரு.

— இந்தக் குரக்கன் எங்கேருந்து வருதுன்னு தொரைக்குத் தெரியுமா? ஞாயித்துக்கெழம லீவு நாளுல மூணு கட்டை தூரம் நடந்து கீழ சிங்களக் கிராமத்துக்கு எறங்கி, புஞ்சிமெணிக்கேகிட்ட கீரைக்கட்டக் குடுத்து மாத்தி வாங்கிட்டு வாறேன். இந்தத் தோட்டத்துல எரநூறு குடும்பம். எரநூறு பேரும் எறங்கிப் போனா அந்தப் பொம்பள என்ன செய்வா பாவம், சாக்கோட தூக்கிக் குடுத்துட்டு அவ புள்ளைங்களுக்கு மண்ண அள்ளிப் போடுவாளா?

— அதத் தலைவரும் கேட்டாரு. “கீரை போட்டுத் திங்க எடம் எங்க இருக்கு?”ன்னு.

— நல்லாக் கேட்டாரு. தண்ணிப் பீலிக்கரையில ஆளுக்கொரு பாத்தி வச்சிருந்தோம். போன வருசம் அத்தனையும் புடுங்கிட்டு தேயிலை நட்டாங்க. பேச்சியம்மா அவரைக்கொடியக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதா. நம்ம பாத்திய மட்டும் விட்டாங்க. எதுக்குன்னு இப்பத்தானே வெளங்குது. பங்களாவுக்குக் காய் போகுதுல்ல. இத்தன நாளும் அத ஒரு பெருமையா நெனச்சிக்கிட்டு நான் வேற தண்ணி ஊத்தினேன். தூ!

— வடிவு, இன்னும் ஒண்ணு இருக்கு. அத வேற யாராச்சும் சொல்லி நீ கேக்கக் கூடாது.

— என்ன?

— கையில இருக்குற கத்தியக் கீழ வையி.

— சொல்லுங்க.

— நம்ம பாப்பா பேச்ச எடுத்தாரு.

— யாரு?

— தொர.

— காளியாயி பேச்சையா? அவள மறந்தே போயிருப்பாரே, யாரு ஞாபகப்படுத்தினா?

— நான்தான் சொன்னேன். மொத மொதல்ல களி கொண்டுபோன அன்னிக்கி. தட்டத் தள்ளி வச்சிட்டு, நடுங்குற கையப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாரு. மனுசன் மொகத்தப் பாக்க முடியல. அதான் சொன்னேன். “எம் பொஞ்சாதி புள்ளயப் பறிகுடுத்துட்டு நாப்பது நாளு ஒரு வார்த்தை பேசல. அப்பறம் ஒருநாளு தானா எந்திரிச்சி, திரிகையில குரக்கனப் போட்டு அரைச்சா. களி கிண்டினா. எனக்கு ஒரு உருண்டை வச்சிட்டு, ‘உப்பு போதுமா’ன்னு கேட்டா. இந்தச் சாப்பாட்டுல என்னமோ இருக்கு தொர, ஒரு வாய் சாப்புடுங்க”ன்னு சொன்னேன்.

— அதப் போயி அவருகிட்டயா சொன்னீங்க?

— ஆறுதலா இருக்குமேன்னு சொன்னேன் புள்ள.

— எனக்கும் ஒங்களுக்கும் நடுவுல இருந்தது அது.

— தப்புதான்.

— ஆபீசுல என்ன சொன்னாரு?

— வேணாம் வடிவு.

— கேக்குறேன்ல!

— “குசினிக்காரன் பொஞ்சாதி புள்ளய எழவு குடுத்தவ. அவளுக்கே இந்தச் சாப்பாடு அமைதி குடுத்திருக்கு. அரிசியில நாலு புழு இருந்ததுக்கு நீங்க ஏன் இந்தக் கூப்பாடு போடுறீங்க?”ன்னாரு.

— கீரை கருகுது. எறக்குங்க.

— எறக்கிட்டேன்.

— எப்படிச் செத்தா எம் புள்ள, அதச் சொன்னாரா? நெஞ்சுச் சளி கட்டி மூச்சு வாங்குது, லொறியக் குடுங்க, நுவரெலியா ஆசுபத்திரிக்குக் கொண்டுபோறோம்னு நீங்க இதே ஆபீசு வாசல்ல நின்னீங்களே. தேயிலைப் பொட்டி தலவாக்கொல்ல ஸ்டேசனுக்குப் போகணும், லொறி இல்லன்னாரே தொர. தோள்ல போட்டுக்கிட்டு பூண்டுலோயா பஜார் வரைக்கும் ஓடினோமே. சரிபுதீன் முதலாளி வியாபாரத்த அப்படியே போட்டுட்டுத் தன் கார எடுத்தாரு. யாரோ எவரோ, அந்த மனுசருக்கு வந்த பதட்டம் இவருக்கு வரலையே. கார்ல ஏத்தறதுக்குள்ள கழுத்து தொங்கிருச்சே. அதெல்லாம் சொன்னாரா?

— இல்ல புள்ள.

— களி தின்னதால எனக்கு அமைதி வந்துச்சாம்! நாள் முச்சூடும் எனக்குப் பின்னால ஒருத்தன் கத்துறான். முத்தின எல கூடிப்போச்சின்னு கத்துறான், எட கொறஞ்சிபோச்சின்னு கத்துறான், வெரசா நடன்னு கத்துறான். இந்த அடுப்புக்கிட்ட ஒக்காந்தாத்தான் ஒருத்தனும் கத்துறதில்ல. தண்ணி எப்பக் கொதிக்கணும்னு நான் சொல்றேன். உப்பு எவ்வளவுன்னு நான் சொல்றேன். அன்னிக்கி அரைச்சேனே, அந்த மாவு என் விரல்ல பட்டுச்சி பாருங்க, அப்பத்தான் நான் இன்னும் ஒரு மனுசின்னு நெனப்பே வந்துச்சி. அத ஒரு தட்டுல போட்டு எடுத்துட்டுப் போயி, “பாரு, இவளுக்கு இதுவே போதும்”னு சொல்லிட்டாரே பாவி. நீங்க என்ன செஞ்சீங்க?

— என்னையப் பாத்துக் கேட்டாரு. “நீயே சொல்லு சின்னராசா. நீயும் ஒன் பொஞ்சாதியும் சந்தோசமாத்தானே இருக்கீங்க?”ன்னு.

— நீங்க?

— நாக்கு எழும்பல. தலைவர் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அப்பறம் நாலு பேரையும் கூட்டிக்கிட்டு படி எறங்கிப் போயிட்டாரு.

— அதான் ராசம்மா சொன்னா. “ஒன் வீட்டுக்காரரு வெள்ளக் கோட்டப் போட்டுக்கிட்டு கம்பம் மாதிரி நின்னாரு”ன்னு. நான் நம்பல. அவ பொறாமையில பேசுறான்னு அவளையே வஞ்சிட்டு வந்தேன்.

— வடிவு…

— பெத்த புள்ள பேரு அந்த வாயில வருது, கேட்டுக்கிட்டு நின்னீங்களா? பதினோரு வருசம் கோப்பை கழுவினதுல நாக்கையும் சேத்துக் கழுவிட்டீங்களா?

— கிண்டினது போதுமா பாரு.

— பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. ஒட்டாம வருது, அதான்.

— போதும். தொடச்ச கையில தண்ணியத் தொட்டு உருட்டுங்க. அப்படி இல்ல, உள்ளங்கையில வச்சி. ம்… அப்படித்தான். நல்லாத்தான் உருட்டுறீங்க.

— ரசத்துக்கு உப்பு?

— நான் பாக்குறேன். சரியா இருக்கு. ஏங்க, வயிறு எரிஞ்சிக்கிட்டு வந்தேன் நான். ஒங்களத் தொடப்பத்தால அடிக்கலாம்னுதான் வந்தேன்.

— இப்ப?

— இப்பவும் கோவம்தான். ஆனா என்ன செய்யணும்னு தெளிவாத் தெரியுது. கேட்டுக்கங்க. இதுல ஒரு உருண்டைகூடப் பங்களாவுக்குப் போகாது. இன்னிக்கும் போகாது, என்னிக்கும் போகாது.

— போகாது.

— பாத்தியப் புடுங்கினாப் புடுங்கட்டும். குண்டான் ரசத்தையும் எடுத்துட்டுப் போயி ராசம்மா வீட்டுக்கும் பேச்சியம்மா வீட்டுக்கும் நானே ஊத்திட்டு வரப்போறேன். திட்டினாலும் வாங்கிக்கறேன். நீங்க காலையில போயி தொரைகிட்டச் சொல்லணும், எம் பொஞ்சாதி தரமாட்டேன்னுட்டான்னு. சொல்லுவீங்களா? இல்ல, அங்கயும் நாக்கு எழும்பாதா?

— காலையில நான் பங்களாவுக்குப் போகல வடிவு.

— ஏன், நாளைக்கும் கிளப்பா?

— எனக்கு எப்பவும் பேச்சு மெதுவாத்தானே வரும். தலைவர் படி எறங்கி ரோட்டுக்குப் போன பொறகுதான் வந்துச்சி. அப்ப ஆபீசுல தொரையும் கிளாக்கரும் மட்டும்தான் இருந்தாங்க.

— என்ன சொன்னீங்க?

— “அன்னிக்கி நீங்க லொறியக் குடுத்திருந்தா, எம் பொஞ்சாதிக்கு அமைதியே தேவைப்பட்டிருக்காது”ன்னேன். கிளாக்கர் அத இங்கிலீசுல சொல்லமாட்டேன்னு தலைய ஆட்டினாரு. பதினஞ்சு வருசமா இந்த மலையில கெடக்குற மனுசனுக்குத் தமிழ் வெளங்காதா? மொகம் சுண்டிப்போச்சி. நான் கோட்டக் கழட்டி, புழு நெளிஞ்ச அரிசிக்குப் பக்கத்துல மடிச்சி வச்சிட்டு வந்துட்டேன்.

— அட பாவி மனுசா! இத்தன நேரம் நான் வஞ்சேனே, அப்பவே இதச் சொன்னா என்ன?

— களி கிண்டி முடியட்டும்னு இருந்தேன். இப்ப சோத்தப் போடு. நாளைக்கு விடியக்காலையில என்னையும் சேத்து எழுப்பிவிடு புள்ள. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டக் கங்காணிகிட்டப் பேர் குடுத்துட்டேன், ஆறு மணிக்கு ஆளு கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துல நிக்கணும்.