விளக்குப் போடக்கூடாத அறை

ராத்திரி மூன்று மணி. வல்லம் சாலையில் ஈ, காக்கை இல்லை. நெல் லாரிகள் அடங்கினால்தான் ஆய்வுக்கூடத்து மேசை அதிராது என்று, நம் தெரு மலர்க்கொடியின் அக்காள் மகள் சுடர்விழி, அங்கே ஆராய்ச்சி மாணவி, அந்நேரத்தில் தனியாகத்தான் ஸ்கூட்டியில் போவாள்.

ஒளியின் ஆகச் சிறிய துளி, ஃபோட்டான். அதை லேசரால் ஜோடியாகப் பிறக்கவைத்து ரகசியச் செய்தி அனுப்புகிற ஆராய்ச்சி. நடுவில் எவராவது ஒட்டுக்கேட்டால் கணக்கு குழம்பிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு துளி விழுந்தாலும் அதை எண்ணும் கருவி 'டக்' என்னும். அது ஓடும்போது விளக்குப் போட்டால்... கருகிவிடும்.

போன அறுவடையில் பகலவன் என்ற சீனியர் மறதியாக விளக்கைப் போட்டுவிட்டான், கருவி கருகியது. பேராசிரியர் எல்லார் முன்னாலும் திட்டினார். அன்றிரவே இதே சாலையில் நெல் லாரி சாய்ந்து, மூட்டைகளுக்கு அடியில் பிணமாகக் கிடந்தான்.

புதுக் கருவி இப்போதுதான் வந்தது. இதுவும் போனால் சுடர்விழியின் ஆய்வேடு அவ்வளவுதான்.

ஆனால் ஒரே எரிச்சல். லேசரை அணைத்தாலும் டக்... டக்... ஜன்னலை அடைத்தாள். கம்ப்யூட்டரின் பொட்டு வெளிச்சத்துக்கும் கறுப்பு டேப் ஒட்டினாள். நிற்கவில்லை. பேராசிரியரிடம் சொன்னதற்குச் சிரித்தார்.

"நடுவுல யாரோ நிக்கிறாங்க போலம்மா."

அன்று கறுப்பு அட்டையை எடுத்தாள். எங்கே மறைத்தால் சத்தம் நிற்கிறதோ, அதற்கு அப்பாலிருந்துதான் வெளிச்சம் ஒழுகுகிறது. கதவருகே பிடித்தாள். டக். கருவிக்கு ஒரு முழம் முன்னால். டக். ஒரு சாண். அப்போதும் டக். கருவியோடு ஒட்டிவைத்தாள்...

நின்றது.

அப்படியானால் வெளிச்சம் அந்த ஒரு சாணுக்குள். அவள் முகத்துக்கு நேரே.

புது நெல் வாசம் வந்தது. கூடவே டீசல். பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அட்டை நழுவியது. கை தன்னால் போய் விளக்கைப் போட்டது.

யாருமில்லை. அப்புறம்தான் உறைத்தது. கருவி ஓடிக்கொண்டிருக்கிறது.

தரையில் உட்கார்ந்து அழுதாள். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

"ஏண்ணே... என்னையும் இப்படிப் பண்ணிட்டீங்களே."

காலையில் பேராசிரியர் சோதித்தார். கருவி கருகவில்லை. விளக்கு எரிந்த நேரம் முழுக்கக் கணக்கில் ஒரு துளிகூட இல்லை, யாரோ பொத்திக்கொண்ட மாதிரி. இருட்டில் டக் மட்டும் இன்றுவரை நிற்கவில்லை, ஆய்வேடும் முடியவில்லை.

கருவியின் வாய்மேல் அன்று ஓர் உள்ளங்கைத் தடம் இருந்தது. ஈரமாக. அதில் இரண்டு நெல்மணி ஒட்டியிருந்தன.